பல்கலைக்கழகச் சுவரும் வாசல்களும்: வாசகர் கேள்வி – பதில்

நகரின் நடுவே அமைந்த பல்கலைக்கழகங்களுக்குப் போய்வருவதில் உள்ள இடர்ப்பாடுகளைப் பற்றி எழுதுமாறு வாசகர்களைக் கேட்டிருந்தோம். மாணவர்கள், பேராசிரியர்கள், அலுவலர்கள், வளாகத்தை அடுத்த தெருக்களில் குடியிருப்பவர்கள் எனப் பல தரப்பினரும் எழுதியிருக்கிறார்கள். ஒரே விஷயத்தைச் சொன்ன கடிதங்களை ஒன்றாக்கி, பெயர்களை நீக்கி, சுருக்கித் தந்திருக்கிறோம்.

கேள்வி: நான் முதுகலை மாணவி. பல்கலைக்கழகத்தின் பின்புறச் சுவரை ஒட்டிய தெருவில் அறை எடுத்துத் தங்கியிருக்கிறேன். மொட்டை மாடியில் நின்றால் எங்கள் துறையின் ஜன்னல்கள் தெரியும். ஆனால், வகுப்புக்குப் போக அரை மணி நேரம் நடக்க வேண்டியிருக்கிறது. பின்பக்கம் ஓர் இரும்புக் கதவு உண்டு. அது பட்டமளிப்பு விழா நாளில் மட்டும்தான் திறக்கப்படுகிறது. இதைப் பற்றிக் கேட்டால், "முன்வாசலில் புது நடைபாதை போட்டிருக்கிறோமே" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் கடிதம் சொல்வது மிகையா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு பக்கமும் 800 மீட்டர் நீளமுள்ள ஒரு சதுர வளாகத்தைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். அதன் ஒரே வாசல் தெற்குச் சுவரின் நடுவில் இருக்கிறது. உங்கள் அறை வடக்குச் சுவரின் நடுப்பகுதிக்கு வெளியே இருக்கிறது; துறைக் கட்டடம் அதே சுவருக்கு உள்ளே 100 மீட்டரில் இருக்கிறது. சுவரோரமாக மூலை வரை 400 மீட்டர், பக்கச் சுவர் நெடுக 800 மீட்டர், அங்கிருந்து வாசலுக்கு 400 மீட்டர், உள்ளே நுழைந்தபின் 700 மீட்டர் என்று மொத்தம் 2,300 மீட்டர் நடக்க வேண்டும். நொடிக்கு 1.2 மீட்டர் என்ற சராசரி வேகத்தில் நடந்தால் 32 நிமிடம் ஆகும். பின்கதவு திறந்திருந்தால் ஒன்றரை நிமிடம்கூட ஆகாது. முன்வாசலில் எவ்வளவு நல்ல நடைபாதை போட்டாலும் இந்த வித்தியாசத்தில் ஒரு நிமிடம்கூடக் குறையப் போவதில்லை.

பல்கலைக்கழகங்கள் சாலை, நடைபாதை, நிழல்மரம் என்று செலவழிக்கும்போது பெரும்பாலும் மறந்துவிடுவது இதைத்தான். ஒரு வளாகம் பக்கத்தில் இருக்கிறதா, தொலைவில் இருக்கிறதா என்பதை வாசல் இருக்கும் இடம்தான் தீர்மானிக்கிறது. இந்த விளைவு மாணவர்களோடு நிற்பதும் இல்லை. பெரிய பல்கலைக்கழக வளாகங்களும் ரயில் பாதைகளைப் போலவே தம் விளிம்பில் உள்ள தெருக்களை முட்டுச்சந்துகளாக்கிவிடுகின்றன என்று நகர வாழ்வைப் பற்றி எழுதிய அமெரிக்க எழுத்தாளர் ஜேன் ஜேக்கப்ஸ் 1961-லேயே எழுதினார். அப்படிப்பட்ட தெருவில், அந்தத் தெருவிலேயே வேலை உள்ளவர்கள் மட்டுமே நடப்பார்கள். ஆள் நடமாட்டம் குறைந்ததும் கடைகள் மூடப்படும். கடைகள் மூடப்பட்டதும் மிச்சமிருந்த நடமாட்டமும் வற்றிவிடும்.

ஆகவே, "பின்கதவைத் திறந்துவிடுங்கள்" என்பதைவிடச் சற்று விரிவாக உங்கள் கோரிக்கையை எழுதுங்கள். கதவு எந்தத் தெருவின் முனைக்கு நேராக இருக்கிறது, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை திறந்திருக்க வேண்டும், கதவைத் தாண்டி உள்ளே கால் வைத்ததும் பாதை இருக்கிறதா அல்லது புதரும் குப்பை மேடும்தான் இருக்கின்றனவா, விளக்கு எங்கே வேண்டும் என்பவற்றையெல்லாம் குறிப்பிடுங்கள். தெருமுனைக்கு நேராக இல்லாமல் 150 மீட்டர் தள்ளித் திறக்கப்படும் வாசலால் பாதிப் பயன்தான் கிடைக்கும். தெருவில் நடந்து வருபவர் எங்கும் திரும்பாமல் நேராக உள்ளே நுழைய முடிய வேண்டும்.

கேள்வி: நான் ஒரு பல்கலைக்கழகத்தில் பாதுகாப்புப் பிரிவில் பணியாற்றுகிறேன். வாசல்கள் கூடினால் காவலர்கள் கூட வேண்டும், திருட்டும் கூடும். வெளியாட்கள் குறுக்கு வழியாக வளாகத்துக்குள் நடந்து போவதை ஏன் அனுமதிக்க வேண்டும்?

பதில்: உங்கள் கவலையில் நியாயம் இருக்கிறது, செலவும் உண்மைதான். ஆனால், சுற்றுச்சுவரைக் காப்பதும் வளாகத்தில் இருப்பவர்களைக் காப்பதும் ஒரே வேலைதானா என்று யோசித்துப் பாருங்கள். ஆய்வகம், விடுதி, நூலகம் ஆகியவற்றின் கதவுகளில்தான் அடையாள அட்டை பார்க்கப்பட வேண்டும். கிலோமீட்டர் கணக்கில் நீளும் சுவரை முழுவதும் காவல் காப்பது எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் கட்டுப்படியாகாது. அதனால் முன்வாசலில் மட்டும் கெடுபிடி காட்டப்படுகிறது, மற்ற பக்கங்களில் சுவரின் உடைந்த பகுதி வாசலாகிவிடுகிறது. அந்த உடைப்பின் வழியாக இரவில் இருட்டில் போய்வரும் மாணவர்களின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இரண்டு அணுகுமுறைகளையும் பக்கத்துப் பக்கத்தில் பார்க்கலாம். மார்னிங்சைடு ஹைட்ஸ் வளாகத்தின் நடுவே ஓடிய 116-ஆம் தெரு 1953-இல் வாகனங்களுக்கு மூடப்பட்டு நடைவழியானது. நகரத்தார் பல ஆண்டுகள் அதன் வழியாகச் சாதாரணமாகக் குறுக்கே நடந்து போனார்கள். 2024-இல் போராட்டங்களை ஒட்டி வாசல்கள் அடைக்கப்பட்டு, அடையாள அட்டை உள்ளவர்களுக்கு மட்டும் என்றானதும், அக்கம்பக்கத்தார் சுற்றிக்கொண்டு போக வேண்டியதாயிற்று. அதே பல்கலைக்கழகம் சற்று வடக்கே மேன்ஹாட்டன்வில்லில் கட்டிய புதிய வளாகத்துக்குச் சுவரும் இல்லை, வாசலும் இல்லை. கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ பங்கேற்ற அந்தத் திட்டத்தில் நகரத் தெருக்கள் அப்படியே கட்டடங்களுக்கு இடையே ஓடுகின்றன, தரைத்தளங்கள் பொதுமக்களுக்குத் திறந்திருக்கின்றன, கட்டுப்பாடு ஒவ்வொரு கட்டடத்தின் உட்கதவில் தொடங்குகிறது.

எல்லாச் சுவரையும் இடித்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. இரவு 10 மணிக்குமேல் சில வாசல்களைப் பூட்டுவது ஏற்கத்தக்கதே. பூட்டும் நேரத்தை வாசலிலேயே எழுதி வையுங்கள். அந்த நேரம் நூலகம் மூடுவதற்கு முந்தியதாக இருந்துவிடக் கூடாது. காவலரின் விருப்பப்படி திறந்து மூடப்படும் வாசலை நம்பி யாரும் அந்தப் பக்கம் வீடு எடுக்க மாட்டார்கள்.

கேள்வி: எங்கள் பல்கலைக்கழகத்தின் முன்புறம் நான்கு வழிச் சாலை ஓடுகிறது. பேருந்து நிறுத்தம் எதிர்ப்பக்கம் இருக்கிறது. விபத்துகள் நடப்பதால் நடைமேம்பாலம் கட்டித் தருமாறு மாணவர் சங்கம் மனு கொடுத்திருக்கிறது. இது சரியான கோரிக்கைதானா? (பல வாசகர்கள் ஏறக்குறைய இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள்.)

பதில்: மனுவைத் திரும்பப் பெற்று மாற்றி எழுதுவது நல்லது என்பது என் கருத்து.

உயரமான லாரிகளும் பேருந்துகளும் கீழே போக வேண்டும் என்பதால், நடைமேம்பாலத்தின் தளம் தரையிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் அமையும். ஒரு படிக்கு 15 சென்டிமீட்டர் என்று வைத்தால் 40 படி ஏறி 40 படி இறங்க வேண்டும். சக்கர நாற்காலிக்குச் சாய்தளம் அமைப்பதானால், பரவலாக ஏற்கப்பட்ட 1-க்கு 12 என்ற சரிவில் 72 மீட்டர் நீளம் தேவை. இடையில் நின்று மூச்சு வாங்கச் சமதளங்களையும் சேர்த்தால் ஒரு பக்கத்துக்கு மட்டும் 80 மீட்டரைத் தாண்டும். 14 மீட்டர் அகலச் சாலையைக் கடக்க ஒருவரை 160 மீட்டருக்கு மேல் உருட்டிக்கொண்டு போகச் சொல்கிறோம். மின்தூக்கி வைக்கிறோம் என்பார்கள். அது பழுதாகி நிற்கும் நாட்களில் என்ன வழி என்பதை யாரும் சொல்வதில்லை. முதல் மணி வகுப்புக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேருந்தை விட்டு இறங்கும் மாணவர் எந்த வழியில் போவார் என்பது மேம்பாலத்தைக் கட்டியவர்களுக்கும் தெரியும். அதனால்தான் கட்டி முடித்த கையோடு சாலை நடுவிலுள்ள இடைத்திட்டில் கம்பி வேலியும் போடுகிறார்கள்.

கேட்க வேண்டியது தரை மட்டத்தில் பாதுகாப்பான கடப்பு. முதலில் வேகம். மோதலின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், 50 கிலோமீட்டரில் வரும் வண்டி 30 கிலோமீட்டரில் வரும் அதே வண்டியைப் போல் ஏறத்தாழ 2.8 மடங்கு ஆற்றலோடு மோதுகிறது. பாதசாரிகளும் சைக்கிள்காரர்களும் வாகனங்களோடு கலந்து போகும் இடங்களில் 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என்று சாலைப் பாதுகாப்பு பற்றிய 2020-ஆம் ஆண்டின் ஸ்டாக்ஹோம் பிரகடனம் சொன்னதற்கும் காரணம் மோதலில் மனித உடல் தாங்கக்கூடிய அளவுதான். ஆனால், வேக எல்லைப் பலகையை நட்டுவிட்டால் வேகம் குறைந்துவிடாது. கடக்கும் இடத்தையே நடைபாதையின் உயரத்துக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் உயர்த்திக் கட்டினால், வண்டிதான் மெதுவாக ஏறி இறங்க வேண்டியிருக்கும். நடப்பவர் சமதளத்திலேயே போவார்.

அடுத்தது சிக்னல். பாதசாரிகள் 30 நொடிக்கு மேல் காத்திருக்க நேர்ந்தால் பொறுமை இழந்து சிவப்பிலேயே கடக்கத் தொடங்குவார்கள் என்று போக்குவரத்துப் பொறியியல் கையேடுகளே சொல்கின்றன. மாணவர்களுக்கு ஒழுக்கம் இல்லை என்று குறைபட்டுக்கொள்பவர்கள், தங்கள் சிக்னலில் எத்தனை நொடி காத்திருக்க வேண்டியிருக்கிறது என்று ஒரு முறை கடிகாரத்தை வைத்துப் பார்க்கலாம். பச்சை விளக்கின் நேரமும் முக்கியம். நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பவருக்கு 14 மீட்டர் சாலையைக் கடக்க 12 நொடி போதும், 0.8 மீட்டரே நடக்கக்கூடிய முதியவருக்கு 17 நொடிக்கு மேல் வேண்டும். அமெரிக்காவில் இந்தக் கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் நடைவேகத்தை 2009-இல் நொடிக்கு 4 அடியிலிருந்து மூன்றரை அடியாகக் குறைத்தார்கள். வகுப்பு முடியும் நேரத்தில் பெருங்கூட்டம் ஒரே சமயத்தில் வெளியே வரும் சந்திப்புகளில், எல்லாப் பக்க வண்டிகளையும் நிறுத்திவிட்டு மூலைக்கு மூலை குறுக்காகவும் கடக்கவிடும் முறை மிகவும் பொருந்தும். 1950-களில் டென்வர் நகரின் போக்குவரத்துப் பொறியாளராக இருந்த ஹென்றி பார்ன்ஸ் இதைப் பரப்பியதால், இன்றும் இந்த முறை அவர் பெயரோடு சேர்த்தே பேசப்படுகிறது.

துணிவுள்ள பல்கலைக்கழகங்களும் மாநகராட்சிகளும் சாலையையே மாற்றியிருக்கின்றன. டொராண்டோ பல்கலைக்கழகத்தின் நடுவே ஓடும் செயின்ட் ஜார்ஜ் தெரு நான்கு வழியாக அகலப்படுத்தப்பட்டிருந்தது. 1996-இல் அதை இரண்டு வழியாகக் குறுக்கி, மிச்சமான இடத்தில் நடைபாதையை அகலமாக்கி மரம் நட்டார்கள். மான்செஸ்டரில் பல்கலைக்கழகத்தை ஊடறுத்துச் செல்லும் ஆக்ஸ்போர்டு சாலையின் ஒரு பகுதியில் 2017 முதல் பகல் நேரத்தில் பேருந்து, சைக்கிள், டாக்சி போன்றவை மட்டுமே அனுமதிக்கப்படுகின்றன. மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் வாஷிங்டன் அவென்யூவில் 2011-இல் கார்கள் நிறுத்தப்பட்டன. 2014-இல் அதே சாலையில் இலகு ரயில் ஓடத் தொடங்கியது. இம்மூன்றும் ஒரு காலத்தில் நெரிசல் மிகுந்த சாலைகளே.

விதிவிலக்குகளும் உண்டு. அட்லாண்டாவின் ஜார்ஜியா டெக்கையும் நகரின் மிட்டவுன் பகுதியையும் ஒரு பெரும் நெடுஞ்சாலை பிரித்திருந்தது. அதைத் தரையில் கடக்க வழியே இல்லை. அங்கே ஐந்தாம் தெருப் பாலத்தை அகலப்படுத்தி, இரு ஓரமும் புல்வெளியும் மரங்களும் அமைத்து 2007-இல் திறந்தார்கள். பாலத்தில் நடப்பவர் கீழே நெடுஞ்சாலை ஓடுவதை மறந்துவிடும் அளவுக்கு அது தெருவின் தொடர்ச்சியாகவே இருக்கிறது. ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம். ஹார்வர்டில் 1960-களில் கேம்பிரிட்ஜ் தெருவின் வாகனப் போக்குவரத்தைச் சுரங்கத்துக்குள் இறக்கிவிட்டு, மேலே நடப்பவர்களுக்கான வெளியை அமைத்தார்கள். யாராவது ஏறி இறங்கித்தான் ஆக வேண்டும் என்றால் அந்த வேலையை இன்ஜினுக்குக் கொடுப்பதே முறை.

கேள்வி: நான் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் ஆராய்ச்சி மாணவன். எங்கள் துறையில் சாய்தளம், மின்தூக்கி எல்லாம் இருக்கின்றன. ஆனால், பேருந்து நிறுத்தத்திலிருந்து துறை வரை யாராவது ஒருவர் துணைக்கு வராமல் என்னால் போக முடிவதில்லை. இதை எழுதிக் கொடுத்தால், "வளாகத்துக்கு வெளியே இருப்பது எங்கள் பொறுப்பில்லை" என்று பதில் வருகிறது.

பதில்: உங்களுக்குக் கிடைத்த பதில் பல இடங்களில் சொல்லப்படும் பதில்தான், ஆனாலும் அது தவறான பதில். அறுபது எழுபது ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு மாறாக நடந்துகொண்ட பல்கலைக்கழகங்கள் உண்டு. இலினாய் பல்கலைக்கழகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்காக டிமோத்தி நுஜென்ட் 1948-இல் தொடங்கிய திட்டம், சாய்தளங்களோடு நிற்காமல், சக்கர நாற்காலி ஏறக்கூடிய பேருந்துகளையும் ஓடவிட்டது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1962-இல் சேர்ந்த, சக்கர நாற்காலியைப் பயன்படுத்திய எட் ராபர்ட்ஸும், அவரைத் தொடர்ந்து வந்த மாணவர்களும், விடுதிக்கும் வகுப்புக்கும் மட்டும் வசதி கேட்டுவிட்டு ஓய்ந்துவிடவில்லை. வளாகத்தை ஒட்டிய டெலிகிராஃப் அவென்யூவின் நடைபாதை ஓரங்களைச் சரித்துத் தர வேண்டும் என்று நகர மன்றத்தை வற்புறுத்தினார்கள். 1971-இல் மன்றம் அதற்கு இசைந்தது. பார்வையற்றோருக்கான புடைப்புத் தரைக்கற்களின் கதையும் இதைப் போன்றதே. ஜப்பானின் செய்இச்சி மியாகே உருவாக்கிய அந்தக் கற்கள் 1967-இல் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது ஒகயாமாவில், பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலிருந்த ஒரு தெருவில்.

நீங்கள் மீண்டும் மனு எழுதும்போது, "அணுகல் வசதி இல்லை" என்று பொதுவாக எழுதாதீர்கள். பேருந்தை விட்டு இறங்கும் இடத்திலிருந்து துறைக் கதவு வரை ஒரு நண்பரோடு போய், சக்கரம் நிற்கும் ஒவ்வொரு இடத்தையும் படம் எடுத்து, அளந்து, வரிசை எண் கொடுங்கள். நடைபாதை ஓரத்தின் உயரம் எவ்வளவு, சாய்தளம் முடியும் இடத்தில் சாலையோடு சேராமல் எத்தனை மில்லிமீட்டர் தூக்கி நிற்கிறது என்று குறியுங்கள். அமெரிக்க விதிகளில் 6 மில்லிமீட்டருக்கு மேற்பட்ட செங்குத்து மேடு ஏற்கப்படுவதில்லை. 13 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதைச் சாய்தளமாகவே கட்ட வேண்டும். சின்ன அளவுதானே என்று தோன்றும். நாற்காலியின் முன்சக்கரம் அதில் முட்டி நின்றால் உட்கார்ந்திருப்பவர் முன்னால் சாய்கிறார். நடைபாதையின் நடுவில் நிற்கும் மின்கம்பம், தாழ்ந்த பாதாளச் சாக்கடை மூடி, பைக்குகள் நுழையாமலிருக்க வாசலில் வளைத்து வைத்த இரும்புக் குழாய் என எல்லாவற்றையும் சேருங்கள். கடைசியாகச் சொன்ன குழாய் பெரும்பாலும் பல்கலைக்கழகமே வைத்ததாக இருக்கும். பைக்கைத் தடுக்கும் அளவுக்கு நெருக்கமான குழாய் உங்கள் நாற்காலியையும் தடுக்கும். பட்டியலில் எந்தெந்த எண் யாருடைய பொறுப்பு என்று பிரித்து, பல்கலைக்கழகத்துக்கும் மாநகராட்சிக்கும் ஒரே பட்டியலை ஒரே நாளில் கொடுங்கள். அதன்பின் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவது கடினம்.

கேள்வி: காலையில் எங்கள் வழித்தடப் பேருந்தில் படியில் தொங்கிக்கொண்டு போகிறோம், பத்து மணிக்குமேல் அதே பேருந்து காலியாக ஓடுகிறது. கூடுதல் பேருந்து விடுவதைத் தவிர வேறு வழி இல்லையா?

பதில்: கூடுதல் பேருந்து தேவைப்படலாம், அதற்கு முன் பல்கலைக்கழகம் தன் கால அட்டவணையைப் பார்க்கட்டும். எல்லாத் துறைகளும் ஒரே நிமிடத்தில் முதல் வகுப்பைத் தொடங்கினால், ஒரு மணி நேரத்துக்குப் பரவ வேண்டிய கூட்டம் இருபது நிமிடத்தில் வந்து குவியும். பாதித் துறைகள் அரை மணி நேரம் தள்ளித் தொடங்கினால், இருக்கிற பேருந்துகளே இரண்டு நடை அடிக்க முடியும். பேருந்துக்குச் சொன்னது நடைபாதைக்கும் பொருந்தும். ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 33 பேர் இடித்துக்கொள்ளாமல் போகலாம் என்பது ஒரு பழகிய கணக்கு. சுவரை ஒட்டி நடப்பவர் இயல்பாகவே அரை மீட்டர் விலகிப் போவார் என்பதால், 2 மீட்டர் நடைபாதை உண்மையில் ஒன்றரை மீட்டர்தான். அதில் கம்பமும் பைக்கும் நின்றால் ஒரு மீட்டரும் தேறாது. அதற்குமேல் வருபவர்கள் சாலையில் இறங்கித்தான் நடப்பார்கள்.

வழித்தடமே போதாத நிலையும் வரலாம். உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தின் புறநகர் வளாகத்துக்கு மையத் தொடர்வண்டி நிலையத்திலிருந்து மிக நீண்ட இணைப்புப் பேருந்துகளை அடுத்தடுத்து ஓட்டியும் கூட்டம் அடங்காததால், 2019-இல் அங்கே டிராம் பாதை திறக்கப்பட்டது. கட்டணத்தைப் பொறுத்தவரை, சியாட்டிலின் வாஷிங்டன் பல்கலைக்கழகம் 1991-லேயே மாணவர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஒரே அட்டையில் பொதுப் போக்குவரத்தை வழங்கத் தொடங்கியது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2016-இல் ரயில் நிலையம் வந்தபோது, நிலையத்திலிருந்து வளாகத்துக்குச் சாலையைக் கடக்க நடைபாலமும் சேர்த்தே கட்டப்பட்டது. நிலையத்தை மட்டும் கட்டிவிட்டு, இறங்கியவர்கள் எப்படியாவது போய்ச் சேரட்டும் என்று விட்டுவிடும் வழக்கத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி: நடப்பவர்களுக்கு இடம் தருவதற்காகப் பேராசிரியர்களின் கார் நிறுத்துமிடத்தைக் குறைப்பது நியாயமா? தொலைவிலிருந்து வருகிறவர்கள் என்ன செய்வது?

பதில்: உள்ளே வந்து திரும்பும் வழியையும் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் வரை தேவை. ஆயிரம் கார் என்றால் இரண்டரை முதல் மூன்று ஹெக்டேர். நகரின் நடுவில் அது எவ்வளவு பெரிய நிலம் என்பது உங்களுக்கே தெரியும். மாற்றுத்திறனாளிகளுக்கும் இரவுப் பணியாளர்களுக்கும் கட்டடத்துக்கு அருகில் இடம் ஒதுக்கிவிட்டு, மற்ற வாகனங்களை வளாகத்தின் ஓரத்துக்கு நகர்த்தினால் யாருடைய வேலையும் கெட்டுவிடாது. டெல்ஃப்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் வளாகத்தின் நடுச்சாலையாகவும் கார் நிறுத்துமிடமாகவும் இருந்த மெக்கல்வெக், 2009-இல் பூங்காவாக மாறியது. டொராண்டோவின் கிங்ஸ் காலேஜ் வட்டத்தைச் சூழ்ந்திருந்த கார்கள் இப்போது தரைக்கு அடியில் நிற்கின்றன. பின்னதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்பதால் எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: பல்கலைக்கழகத்தின் பின்வாசலைத் திறக்கப் போகிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். எங்கள் தெரு அமைதியான குடியிருப்புத் தெரு. வாசல் திறந்தால் கார்களும் பைக்குகளும் எங்கள் தெருவைக் குறுக்கு வழியாக்கிவிடும். இருபுறமும் வண்டிகளை நிறுத்திவிட்டுப் போவார்கள். குடியிருப்போர் சங்கம் எதிர்ப்புத் தெரிவிக்கலாம் என்றிருக்கிறது.

பதில்: எதிர்ப்பதற்குப் பதிலாக நிபந்தனை போடுங்கள். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் சக்கர நாற்காலிக்கும் மட்டும் வழிவிட்டு, மோட்டார் வண்டிகளுக்கு வழியில்லாத வாசலைக் கேளுங்கள். 1.2 மீட்டர் இடைவெளியில் நடப்படும் உறுதியான குட்டைத் தூண்கள் கார்களை முழுவதும் தடுத்துவிடும். அவசர ஊர்திக்காக நடுத்தூணைப் பூட்டுச் சாவியோடு கழற்றக்கூடியதாக வைக்கலாம். பைக்குகளைத் தூண் தடுக்காது, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்; வாசலுக்கு உள்ளே பைக் நிறுத்த இடமோ உட்சாலையோ இல்லாதபடி செய்துவிட்டால், அந்த வழியாக வருவதில் பைக்காரருக்கு லாபம் இராது. தெருவோர நிறுத்தத்துக்குக் குடியிருப்போர் அனுமதிச் சீட்டு முறையை வாசல் திறக்கும் நாளிலேயே தொடங்குமாறு மாநகராட்சியிடம் எழுதி வாங்குங்கள். பதிலுக்கு உங்களுக்கு என்ன கிடைக்கும் என்பதையும் பேசுங்கள். வளாகத்தின் மரநிழலில் காலை நடை, அதன் வழியாக மறுபக்கத்துப் பேருந்து நிறுத்தத்துக்குக் குறுக்குப் பாதை, மாலையில் தெருவில் ஆள் நடமாட்டம் ஆகியவை அதில் அடங்கும்.

கேள்வி: பல்கலைக்கழகப் பொறியியல் பிரிவில் இருக்கிறேன். இந்த ஆண்டு ஒதுக்கீடு மிகக் குறைவு. பெருந்திட்டம் தயாரிக்க ஆலோசகரை நியமிக்கக்கூடப் பணம் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பணம் குறைவாக இருப்பதால் உங்களுக்கு ஒரு நன்மை உண்டு, கட்டத் தொடங்குவதற்கு முன் பார்க்க நேரம் கிடைக்கும். முதல் வேலை, மக்கள் எந்த வழியில் நடக்கிறார்கள் என்பதை வரைவது. புல் தேய்ந்த ஒற்றையடிப் பாதைகள், சுவரின் உடைப்புகள், வளைந்த கம்பிவேலிகள், இடைத்திட்டில் செடி மிதிபட்ட இடங்கள் ஆகிய அனைத்தையும் வளாக வரைபடத்தில் குறியுங்கள். சிகாகோவில் இலினாய் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் மையத்தை வடிவமைத்த ரெம் கூல்ஹாஸின் குழுவினர், காலி மனையாகக் கிடந்த அந்த இடத்தின் குறுக்கே மாணவர்கள் நடந்த தடங்களை வரைந்து, அவற்றையே கட்டடத்தின் உட்பாதைகளாக்கினார்கள். 2003-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்துக்கு மேலே ஓடும் நகர ரயிலின் இரைச்சலைக் குறைக்க, பாதையை ஏறத்தாழ 160 மீட்டர் நீளக் குழாய்க்குள் அடக்கியிருக்கிறார்கள். குழாய் உங்களுக்கு வேண்டாம்; தடங்களை வரைவதற்கு ஒரு வரைபடமும் நான்கு மாணவர்களும் போதும்.

இரண்டாவதாக, ஒவ்வொரு வாசலிலும் நடந்து வருபவர், சைக்கிள், பைக், கார், பேருந்து என்று பிரித்து எண்ணுங்கள். எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, மாநகராட்சி, போக்குவரத்துக் காவல், பேருந்துக் கழகம் ஆகிய மூன்று துறையினரையும் அலுவலக அறைக்கு அழைக்காமல் வாசலுக்கே காலை எட்டே முக்காலுக்கு அழையுங்கள். அந்த அரை மணி நேரக் காட்சி அறிக்கை செய்யாததைச் செய்யும். பிறகு தற்காலிகமாகச் செய்து பாருங்கள். வண்ணப்பூச்சு, பிளாஸ்டிக் தூண்கள், மணல் நிரப்பிய தொட்டிகள் ஆகியவற்றால் கடப்பைக் குறுக்கி, இடைத்திட்டு அமைத்து, ஒரு பருவம் முழுவதும் ஓடவிடுங்கள். தவறாக வைத்த தொட்டியை மறுநாளே நகர்த்தலாம். தவறாகக் கட்டிய கான்கிரீட்டை இருபது ஆண்டுகள் சுற்றிக்கொண்டு போக வேண்டும்.

யார் பராமரிப்பது என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். புதிதாகத் திறந்த வாசலுக்கு வெளியே உள்ள விளக்கு எரியாவிட்டால் எந்த அலுவலகத்தைக் கேட்க வேண்டும் என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். கணக்கெடுப்பைத் தேர்வு வாரத்திலும் விடுமுறையை ஒட்டிய நாட்களிலும் வைக்காதீர்கள். ஒரு முறையாவது மழை நாளில் எடுங்கள்; எந்த வாசலின் முன் தண்ணீர் தேங்கி எல்லோரும் சாலைக்கு இறங்குகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் தெரியவரும்.